கையேட்டு விலையும் கைக்கு வரும் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாணயச் சேகரிப்பு குறித்துப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில், அமெரிக்காவின் நவீன புரூஃப் நாணயங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், விலைக் கையேட்டில் அச்சாகியிருக்கும் எண்ணையே அந்த நாணயத்தின் மதிப்பு என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதைப் படித்துவிட்டுத் தம்மிடம் இருக்கும் தரச்சான்று பெற்ற நாணயத்தை விற்க முனைபவர், கையேட்டில் 30 டாலர் என்று இருப்பதை 18 டாலருக்குத்தானே கேட்கிறார்கள், வாங்குகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களா, அல்லது நாணயத்தில்தான் ஏதேனும் கோளாறா என்று குழம்பிப்போகிறார். இரண்டும் இல்லை. கையேட்டில் இருக்கும் எண் வேறொரு கேள்விக்கான விடை. விற்பவர் கேட்கும் கேள்விக்கு அது விடையே அல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புரூஃப் என்பது ஒரு தரத்தின் பெயர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது நாணயம் அடிக்கும் முறையின் பெயர். மெருகேற்றிய உலோக வில்லையை, அதற்கென்றே பதப்படுத்திய அச்சுகளுக்கு நடுவே வைத்து, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடித்து, புழக்கத்துக்கு விடாமல் சேகரிப்பாளர்களுக்கென்றே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அமெரிக்காவில் 1964 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் நடந்த இந்த வேலை, 1965 முதல் மூன்றாண்டுகள் நின்றுபோய், 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘எஸ்’ முத்திரையோடு மீண்டும் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் பேச்சில் ‘நவீன புரூஃப்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

தரமிடுதல் இதைவிடப் பிற்பட்ட கதை. 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்தது, அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செப்புச் சென்டு நாணயங்களுக்காக. அவை பல கைகள் மாறித் தேய்ந்து, கறுத்து, கீறல் பட்டவை. ஒன்றைப் போல இன்னொன்று இராது. அப்படிப்பட்ட நாணயங்களைப் பிரித்தறிய வந்த அளவுகோலை, 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் எல்லா வகை நாணயத்துக்கும் பயன்படுத்தின. நாணயத்தைப் பார்த்துத் தரம் குறித்து, ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, மேலே ஆண்டு, வகை, தரம், வரிசை எண் அச்சிட்ட சீட்டோடு திருப்பித் தருவார்கள். ‘ஸ்லாப்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்த உறையைத்தான். போலியும், சுத்தம் செய்து கெடுத்த நாணயமும் மலிந்த பழைய நாணயச் சந்தையில் இந்த ஏற்பாடு பெரிய நன்மை செய்தது என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆயிரம் டாலர் கொடுத்து நூறாண்டுப் பழைய நாணயம் வாங்குகிறவருக்கு ஸ்லாப் ஒரு காப்பு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த புரூஃப் நாணயத்துக்கு அது எதற்கு என்று கேட்டால்தான் விடை தடுமாறுகிறது.

ஏனென்றால் இந்த நாணயங்கள் பிறக்கும்போதே 69. நாணயச்சாலையிலிருந்து நேரே கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய், அங்கிருந்து சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போனவை; யாருடைய விரலும் படாதவை. சற்றே கவனமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் பெரும்பாலானவை 69 வாங்கிவிடும். 68 வந்தால்தான் அனுப்பியவர் முகம் சுளிப்பார். ஷெல்டனின் சென்டுகளில் 69 என்பது நினைத்தும் பார்க்க முடியாத உயரம். 1980-களின் அரை டாலர் புரூஃபில் அது சராசரி நிலை. சராசரி நிலையில் இருப்பதற்காக யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஆனால் கையேட்டின் பக்கத்தில் அந்த எண் பழைய நாணயத்தின் 69-க்கு அருகில், அதே எழுத்தளவில் அச்சாகியிருக்கிறது. படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்.

‘டீப் கேமியோ’ என்ற அடைமொழியின் கதையும் இப்படித்தான். கண்ணாடிப் பளபளப்புள்ள வெறுந்தளத்தின் மேல் உருவமும் எழுத்தும் மங்கிய வெண்மையில் எழுந்து நிற்பதைக் கேமியோ என்கிறார்கள். அந்த வேறுபாடு மிக அழுத்தமாக இருந்தால் பிசிஜிஎஸ் சீட்டில் ‘டீப் கேமியோ’ என்றும் என்ஜிசி சீட்டில் ‘அல்ட்ரா கேமியோ’ என்றும் போடுவார்கள். 1950 முதல் 1964 வரையிலான புரூஃப்களில் இது உண்மையிலேயே அரிது. அமிலத்தில் தோய்த்து அச்சின் குழிவுகளில் உண்டாக்கிய சொரசொரப்பு, முதலில் அடிக்கும் கொஞ்சம் நாணயங்களோடு தேய்ந்து வழவழப்பாகிவிடும். அதற்குப் பின் அதே அச்சில் அடித்தவை முழுக்க ஒரே பளபளப்பாக வரும். ஆகவே அந்தக் காலத்து பிராங்க்ளின் அரை டாலரில் ‘டீப் கேமியோ’ என்றால் அதற்கு விலை உண்டு, அந்த விலையில் நியாயமும் உண்டு. 1970-களில் அச்சுகளுக்குக் குரோமியப் பூச்சுக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த வெண்மை நெடுநேரம் நின்றது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாப் புரூஃப் நாணயமும் டீப் கேமியோவாகவே வரத் தொடங்கிவிட்டது. 1961-இல் விலையை ஏற்றிய அதே இரண்டு சொற்கள் 1991-இல் ‘இது புரூஃப் நாணயம்’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 1968-இல் விற்ற புரூஃப் தொகுப்புகள் 30 லட்சத்துக்கு மேல். 1976-இல் 41 லட்சத்துக்கு மேல். சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக 1986-இல் வெளியான புரூஃப் வெள்ளி டாலர் 64 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் இருநூறாம் ஆண்டுக்காக வந்தது 27 லட்சத்தைத் தாண்டியது. பழைய நாணயங்களைப் பொறுத்தவரை அடித்த எண்ணிக்கை ஒன்று, மிஞ்சிய எண்ணிக்கை வேறொன்று. உருக்கினார்கள், தேய்ந்தன, தொலைந்தன. புரூஃப் நாணயத்தை யாரும் கடையில் கொடுத்துச் செலவழிப்பதில்லை. வெள்ளி விலை உச்சத்துக்குப் போன காலங்களில் கொஞ்சம் வெள்ளி நாணயங்கள் உருக்கும் உலைக்குப் போயிருக்கலாம். செம்பும் நிக்கலும் கலந்த கால் டாலரையும் அரை டாலரையும் உருக்கி யாருக்கு என்ன லாபம்? அடித்தவற்றில் மிகப் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது. அவை சான்று பெற்றவற்றின் எண்ணிக்கையில் இன்னும் சேரவில்லை என்பது, அனுப்பும் செலவுக்கு அவை தகுதியில்லை என்று அவற்றை வைத்திருப்பவர்கள் சரியாகவே முடிவு செய்திருப்பதால்தான்.

இனி அந்தக் கையேட்டு எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிசிஜிஎஸ் நிறுவனத்தின் விலைக் கையேடு, தன் எண்கள் எவை என்பதை மறைப்பதில்லை: விற்பனையாளர்கள் கேட்கும் விலைகளின் சராசரி. கேட்கும் விலை, கிடைத்த விலை அல்ல. கடையை நடத்தி, சரக்கை மாதக்கணக்கில் முடக்கி, திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஒரு வணிகர், தேடி வரும் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லும் எண் அது. வணிகர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைக்கென்று 1963 முதல் ‘கிரேஷீட்’ என்ற தனி இதழே வெளிவருகிறது. அதிலுள்ள எண்கள் எப்போதும் சில்லறைக் கையேட்டுக்குக் கீழேதான் இருக்கும். ஒரே நாணயத்துக்கு இரண்டு விலை என்பது மோசடி அல்ல, வணிகத்தின் இயல்பு. கையேட்டை வைத்துக்கொண்டு விற்கப் போகிறவர், தாம் நிற்பது கல்லாவுக்கு எந்தப் பக்கம் என்பதை மறந்துவிடுகிறார்.

விலை மலிந்த நாணயங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் கருத்தில் இதுதான் மையமானது. ஒவ்வொரு ஆண்டுக்கும், ஒவ்வொரு மதிப்புக்கும், ஒவ்வொரு தரத்துக்கும் கையேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியாக வேண்டும். ஐயாயிரம் டாலர் நாணயம் ஏலத்துக்கு வந்தால் பதிப்பாசிரியர் கவனிப்பார். 1983-ஆம் ஆண்டின் ஐந்து சென்டு புரூஃப் 69 எத்தனைக்கு விற்றது என்று வாரந்தோறும் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியலில் அது தனியாக வருவதே இல்லை. வந்தாலும் இருபது முப்பது நாணயங்களைச் சேர்த்த ஒரு கட்டாக வரும். ஆகவே அந்தக் கட்டத்தில் வைக்கும் எண், சந்தையில் கண்டதைவிட, கணக்குப் போட்டு வந்ததாகவே இருக்கிறது: நாணயத்தின் சிறு விலை, தரமிடும் கட்டணம், வணிகரின் கைச்செலவு, கொஞ்சம் லாபம். இந்த நாணயத்தைப் புதிதாகச் சான்று பெற்று விற்க வேண்டுமானால் இவ்வளவுக்குக் குறையக் கட்டாது என்பதே அந்த எண்ணின் பொருள். கட்டாது என்பதற்காக யாராவது அந்த விலையைக் கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் மொத்தமாகத் தரமிட்டு, விற்காமல் தேங்கி, இன்று எதற்காவது தள்ளிவிட்டால் போதும் என்று வரும் சரக்குக்கு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

எண்களாகவே பார்த்துவிடலாம். கையேட்டில் 30 டாலர் என்றிருக்கும் ஒரு புரூஃப் 69 நாணயத்தை, அது முதலில் வந்த தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்துத் தரமிட அனுப்பினால், ஒரு நாணயத்துக்கான கட்டணம் மட்டும் இருபது டாலரை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். போக வர அஞ்சலும் காப்பீடும் தனி. திரும்பி வந்த ஸ்லாப் ஈபேயில் 18 டாலருக்குப் போகிறது. அதில் சுமார் 13 சதவீதம் தளத்தின் கட்டணம். அஞ்சல் செலவு 5 டாலர் என்று கொண்டால் விற்றவர் கையில் நிற்பது பத்தரை டாலர் அளவுதான். தரமிடக் கொடுத்த பணம்கூடத் திரும்பவில்லை. அதே ஆண்டின் முழுத் தொகுப்பும், ஐந்தாறு நாணயங்களோடு, முதல் பெட்டியிலேயே இதற்குக் குறைவான விலையில் கிடைக்கும்போது வாங்குகிறவர் ஏன் 30 கொடுக்க வேண்டும்? அவர் கண்ணில் ஸ்லாப் என்பது நாணயத்தோடு வந்த உறை மட்டுமே. சேகரிப்பேடுகளில் நாணயத்தைக் குழியில் பதித்து வைப்பவர்களுக்கோ அது இடைஞ்சலும் கூட. உறையை உடைத்தால்தான் நாணயம் ஏட்டில் உட்காரும். செய்த செலவு விலையாக மாறிவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே தோற்கிறது: மாப்பிள்ளையின் பட்டுவேட்டிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பெண் வீட்டார் கேட்பதில்லை.

70-ஆம் தரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரிய நட்டங்கள் அங்கேதான் நேர்கின்றன. ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தாலும் அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தென்படாத நாணயம் 70 என்பது என்ஜிசியின் வரையறை. 69-க்கும் 70-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை, சீட்டை மறைத்துவிட்டுக் காட்டினால், அனுபவமுள்ள கண்களும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கையேட்டில் இந்த இரண்டுக்கும் இடையே சில சமயம் பத்து மடங்கு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி நாணயத்தில் இருந்து பிறந்ததல்ல. ‘இதுவரை எத்தனை நாணயங்களுக்கு இந்தத் தரம் கொடுத்திருக்கிறோம்’ என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் இருந்து பிறந்தது. அந்தப் பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு: அது ஏறும், இறங்குவது அரிது. இன்று மூன்று என்றிருப்பது, விலை ஏறிய செய்தி பரவியதும் வீட்டில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அனுப்பத் தொடங்கி, முப்பதாகும், முந்நூறாகும். முன்பு 69 வாங்கியதை உறை உடைத்து மறுபடி அனுப்பி 70 வாங்குபவர்களும் உண்டு.

1995-ஆம் ஆண்டின் ‘டபிள்யூ’ முத்திரை வெள்ளிக் கழுகு டாலரை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையில் 30,125 மட்டுமே அடித்து, கழுகு நாணயங்களின் பத்தாம் ஆண்டுக்காகத் தங்க நாணயங்களோடு சேர்த்தே விற்றார்கள்; நவீன வெள்ளி நாணயங்களில் உண்மையாகவே தேடப்படுவது. அதில் பிசிஜிஎஸ் 70 பெற்ற ஒன்று 2013-இல் இணைய ஏலத்தில் 86,000 டாலரைத் தாண்டியது. அப்போது அந்தத் தரத்தில் மிகச் சிலவே இருந்தன. பின்னர் எண்ணிக்கை பெருகப் பெருக, அதே ஆண்டு, அதே முத்திரை, அதே தரம் கொண்டவை அந்த விலையில் பாதியைக்கூட எட்டாமல் விற்றன. நாணயம் மாறவில்லை, 30,125 என்ற எண்ணும் மாறவில்லை. தேவைக்கு எப்போதும் ஆள் இருக்கும் நாணயத்துக்கே இந்தக் கதி என்றால், லட்சக்கணக்கில் அடித்த சாதாரண ஆண்டுகளின் 70-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உச்ச விலைகளைத் தருவது பெரும்பாலும் ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் போட்டி. தங்கள் தொகுப்பை நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் ஏற்றி, தரப்புள்ளிகளைக் கூட்டி, யாருடையது முதலிடம் என்று பார்க்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் சென்டு புரூஃபில் 70 வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதமாக நின்றால் ஏலம் எங்கேயோ போகும். ஒருவர் வாங்கிவிட்ட பிறகு அடுத்து வரும் அதே நாணயத்துக்கு மிஞ்சியிருப்பவர் ஒரே ஒருவர். எதிரே ஆளில்லாத ஏலத்தில் அவர் ஏன் கையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும்? அவரும் வாங்கிவிட்டால் மூன்றாவது நாணயம் அடிமட்டத்தில்தான் போகும். ஆனால் கையேட்டில் பதிவாகி நிற்பது முதல் ஏலத்தின் எண். அது திருத்தம் பெறும் வரை, அதை நம்பி வாங்குபவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள்.

புதிதாக வரும் நாணயங்களில் இதே விளையாட்டு வேகமாக நடக்கிறது. வெளியான நாளிலேயே பெரிய வணிகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி, மொத்தமாகத் தரமிட அனுப்பி, 70 வந்ததை மட்டும் உறையிடச் சொல்லி, முதல் சில வாரங்களில் தொலைக்காட்சி விற்பனையிலும் இணையத்திலும் விற்றுத் தீர்க்கப் பார்க்கிறார்கள். ‘ஃபர்ஸ்ட் ஸ்டிரைக்’, ‘எர்லி ரிலீசஸ்’ என்று சீட்டிலும் கூடுதல் அலங்காரம். முதலில் அடித்தது இதுதான் என்று அதற்குப் பொருள் இல்லை. குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்து சேர்ந்தது என்றுதான் பொருள். அந்த முதல் மாதப் பரபரப்பில் கொடுத்த விலையை, மூன்றாம் ஆண்டில் விற்கப் போகிறவர் பார்ப்பது அரிது.

ஒரே தரத்துக்குள் இருக்கும் வேறுபாட்டையும் கையேடு கணக்கில் எடுப்பதில்லை. வெள்ளிப் புரூஃப்களில், தரமிட்டு உறையிட்ட பிறகும், வெளிறிய பால்புள்ளிகள் தோன்றும். செம்புச் சென்டுகளில் கரும்புள்ளி விழும், சிவப்பு மங்கிப் பழுப்பேறும். பழைய தொகுப்புகளில் இருந்து எடுத்தவற்றில் கண்ணாடித் தளத்தின் மேல் மெல்லிய புகைப்படலம் படியும். சீட்டில் 69 என்றோ 70 என்றோ இருப்பது அப்படியேதான் இருக்கும். தரமிட்ட பிறகு வரும் இத்தகைய மாற்றங்களுக்குச் சான்று நிறுவனங்களின் உத்தரவாதம் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. ஸ்லாப்பை விளக்கொளியில் சாய்த்துத் தளத்தைப் பார்க்கும் வாங்குபவர், சுதந்திர தேவியின் மூக்கிலோ கழுகின் மார்பிலோ ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டதும் விலையைக் குறைக்கிறார். அவர் குறைப்பது சரி. மாசற்ற ஒன்று கூடுதல் விலைக்குப் போவதும் உண்டு, ஆனால் அது சிறுபான்மை.

பிசிஜிஎஸ் கையேட்டின் எண் பிசிஜிஎஸ் ஸ்லாப்புக்கு மட்டுமே உரியது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். யாரும் கேள்விப்படாத நிறுவனத்தின் உறையில் 70 என்று சீட்டு ஒட்டி, கையேட்டு விலையில் பாதிக்குத் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதி விலையும் அதிகம்தான்.

கையேடுகள் வேண்டுமென்றே விலையை ஏற்றி வைக்கின்றன, தரமிட நாணயங்கள் வந்து குவிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று சிலர் சொல்வார்கள். தரமிடும் நிறுவனமே விலையையும் வெளியிடுவது எனக்கும் உவப்பான ஏற்பாடு அல்ல. ஆனாலும் கெட்ட எண்ணத்தைக் கற்பிக்கத் தேவையில்லை. மந்தம் ஒன்றே போதுமான விளக்கம். வெள்ளி விலை திடீரென ஏறும் காலங்களில் இதே கையேடுகள் பின்தங்கிப்போய், 1986-இன் சுதந்திர தேவி டாலர் போன்றவை அதில் உள்ள முக்கால் அவுன்ஸ் சொச்சம் வெள்ளியின் விலையாலேயே கையேட்டைத் தாண்டி விற்பதைக் காணலாம். இறங்கும்போதும் ஏறும்போதும் கையேடு பின்னால்தான் வருகிறது. உண்மையிலேயே அரிதான நவீன நாணயங்களும் உண்டு: ‘எஸ்’ முத்திரை விடுபட்டுப்போன 1975-ஆம் ஆண்டுப் பத்து சென்டு புரூஃப் உலகில் இரண்டே இரண்டுதான் அறியப்பட்டுள்ளன, அதில் ஒன்று 2019-இல் 4,56,000 டாலருக்கும், மற்றொன்று 2024-இல் 5,06,250 டாலருக்கும் ஏலம் போயின. அங்கே விலையை நிர்ணயித்தது முத்திரை இல்லாத பிழை. தரம் அதற்கு அடுத்தபடிதான். நவீன நாணயம் என்பதாலேயே விலை போகாது என்று நான் வாதாடவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அப்படியானால் விற்க நினைப்பவர் எதைப் பார்ப்பது? விற்று முடிந்த விலைகளை. ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பார்த்தால் கேட்ட விலைக்கும் போன விலைக்கும் உள்ள தூரம் பளிச்சென்று தெரியும். அங்கேயும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்: பேரம் பேசி முடித்த விற்பனைகளில் பட்டியல் விலையின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும், உண்மையில் கைமாறிய தொகை அதற்குக் கீழே எங்கோ இருக்கும். ஏல நிறுவனங்களின் பழைய பதிவுகளில் காணும் தொகையில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும். 120 டாலர் என்று பதிவானதில், இருபது சதவீதக் கட்டணம் என்றால், சுத்தியல் விழுந்தது 100-இல். விற்றவருக்குப் போனது அந்த நூறோ, அதிலும் கமிஷன் கழித்த மிச்சமோதான். நான் வாங்கும்போது, ஒரே மாதிரியான நாலைந்து விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தின் நடுவில் நிற்பேன்; விற்கும்போதும் அந்த அளவுகோலையே வைத்துக்கொள்கிறேன். இன்னும் தரமிடாத நாணயம் கையில் இருந்தால், அது 69 வாங்கினால் என்ன விலை போகும் என்று பார்த்து, அந்த விலை தரமிடும் செலவைத் தாண்டவில்லை என்றால், பெட்டியிலிருந்து எடுக்காமலே விட்டுவிடுவது நல்லது. 70 வரும் என்று நம்பி அனுப்புவது ஏறத்தாழச் சீட்டு விளையாட்டு.

பெற்றோர் விட்டுச்சென்ற நாணயங்களை வைத்துக்கொண்டு, பத்திரிகையில் படித்த ஓர் எண்ணை நம்பி வணிகரிடம் போய்ச் சண்டை போட்டுத் திரும்புகிறவர்களை நாணயக் கண்காட்சிகளில் பார்க்க நேர்கிறது. அந்த எண்ணை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. இனி நாணயங்களைப் பற்றி எழுதும்போது, கையேட்டு விலையைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமானால், அது கேட்கும் விலை என்பதையும், அண்மையில் விற்று முடிந்த இரண்டு மூன்று விலைகளையும், அவை எந்த நிறுவனத்தின் சான்று பெற்றவை, வாங்குபவர் கட்டணம் சேர்ந்ததா சேராததா என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரியில் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் ஒரு வாசகர்